பூமி சுழல்வதைக் காட்டியவர்

தேர்வில் தோற்றவனை உலகம் விரைவில் மறந்துவிடும். படிப்பைப் பாதியில் விட்டவனையோ அது மறப்பதும் இல்லை, மன்னிப்பதும் இல்லை. ஊருக்குச் செல்லும்போதெல்லாம் உற்றாரும் அண்டை வீட்டாரும் கேட்கும் முதற் கேள்வி அதுவாகவே இருக்கும். இதனை அனுபவித்தே எழுதுகிறேன். மருத்துவக் கல்லூரியில் ஓராண்டு பயின்று, உடற்கூற்றுக் கூடத்தில் நிற்கும் திடம் இல்லாமல் விலகி, பௌதிகம் பயிலத் தில்லிக்கு வந்தவன் நான். அன்று முதல் அப்பா என்னுடன் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அம்மாவின் வாயிலாகவே எங்கள் பேச்சு நடைபெறுகிறது.

இங்கு வந்த முதலாண்டில், நூலகத்தில் பொழுது போக்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில் ஒரு மனிதரின் வரலாறு என் கையில் அகப்பட்டது. அவரும் மருத்துவம் பயிலச் சென்றவர். குருதியைக் காணப் பொறுக்காமல் திரும்பியவர். அதுவே என்னை அந்நூலுடன் பிணித்தது எனலாம். படித்து முடித்தபோது வேறொரு காரணத்துக்காக அவரை நேசிக்கத் தொடங்கியிருந்தேன். அறிஞர் அனைவரும் ஏட்டில் ஒப்புக்கொண்டிருந்த ஓர் உண்மையைச் சாதாரண மனிதனின் கண்ணுக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்தியவர் அவர். அவர்தாம் ழான் பெர்னார் லியோன் ஃபூக்கோ. மன்றத்தின் மலருக்கு ஏதேனும் எழுதுமாறு நண்பர்கள் பணித்தபோது, வேறு எவரைப் பற்றியும் எழுத எனக்குத் தோன்றவில்லை.

ஃபூக்கோ 1819ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தையார் நூல் வெளியீட்டாளர். மகனுக்குப் பத்து வயது நிரம்புமுன்பே அவர் காலமானார். இளம் விதவையான அன்னையார் மகனை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றார். பையனோ மெலிந்த உடலினன். பள்ளியிலும் சிறந்து விளங்கவில்லை. பாடங்கள் பின்தங்கவே, வீட்டிலேயே ஆசிரியரை அமர்த்திப் படிக்க வைக்க நேர்ந்தது. ஏட்டைக் கண்டால் சோர்ந்து போன அதே பிள்ளை, கையில் ஒரு கருவி கிடைத்துவிட்டால் வேறொரு பிள்ளையாகிவிடுவான். சிறு படகு ஒன்றைச் செய்தான். தந்தி அனுப்பும் பொறி ஒன்றைச் செய்தான். ஓடக்கூடிய சிறு நீராவி எந்திரத்தையும் செய்து முடித்தான். இத்தகைய கைத்திறன் உள்ளவன் அறுவை மருத்துவனானால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்னை எண்ணியதில் வியப்பில்லை. மகனும் அவ்வெண்ணத்துக்கு இணங்கி மருத்துவக் கல்வியில் சேர்ந்தார்.

அங்கேதான் தடை குறுக்கிட்டது. அவரால் குருதியைக் காண முடியவில்லை. நோயாளர் படும் துன்பத்தை அருகிருந்து பார்க்க முடியவில்லை. படிப்பைக் கைவிட்டார். ஆயினும் மருத்துவக் கல்வி அவருக்கு ஒரு நன்மை செய்யாமல் விடவில்லை. ஆல்ஃபிரட் டோனே என்ற பேராசிரியர் மருத்துவ மாணவர்களுக்கு நுண்பெருக்கியைக் கொண்டு பாடம் நடத்திவந்தார். அவருக்கு உதவியாளராக ஃபூக்கோ அமர்ந்தார். ஒளிப்படக் கலை அப்போதுதான் தோன்றியிருந்த காலம். 1839இல் வெளியான டாகேரின் முறையை ஃபூக்கோ கற்று, நுண்பெருக்கியில் தெரியும் உருவங்களை வெள்ளி பூசிய தகட்டில் பதிவு செய்தார். அப்படங்களைப் பார்த்துச் செதுக்கிய சித்திரங்களுடன் டோனேயின் பெரும் படத்தொகுதி 1845இல் வெளிவந்தது. அதில் இரத்த அணுக்களின் படங்களும் இருந்தன. குருதியைக் கண்டு அஞ்சி ஓடியவரே, குருதியின் நுட்பத்தை உலகுக்குப் படம் பிடித்துக் காட்டினார் என்பது வரலாற்றின் விளையாட்டு அன்றோ!

அதே 1845ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. டோனே எழுதிவந்த செய்தித்தாளின் விஞ்ஞானப் பகுதி ஃபூக்கோவின் பொறுப்புக்கு வந்தது. விஞ்ஞானக் கழகத்தில் வாரந்தோறும் பெரியோர் படிக்கும் கட்டுரைகளைக் கேட்டு, அவற்றைப் பொதுமக்களுக்குப் புரியுமாறு எழுதுவது அவர் வேலை. முறையாகப் பட்டம் பெறாத ஓர் இளைஞர் பெரிய கணித மேதைகளின் ஆய்வை எடைபோட்டு எழுதுவது பலருக்குப் பிடிக்கவில்லை. எனினும் எளிமையாகவும் அஞ்சாமலும் எழுதும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வாய்த்தது. இரண்டாவது, இப்பொலீத் ஃபிசோ என்ற நண்பருடன் சேர்ந்து, சூரியனின் முகத்தைத் தெளிவான ஒளிப்படமாக எடுத்தார். 1845 ஏப்ரல் 2ஆம் நாள் எடுத்த அப்படத்தில் சூரியனின் கரும்புள்ளிகளும் பதிந்திருந்தன. இந்த ஃபிசோவும் மருத்துவப் படிப்பைத் தொடங்கிக் கைவிட்டவரே!

நண்பர்கள் இருவரும் சில ஆண்டுகள் ஒன்றாக உழைத்தனர், பின்னர்ப் பிரிந்தனர். அறிவுலகில் நட்பு போட்டியாக மாறுவது புதிதன்று. அப்போது தீராதிருந்த பெரும் வழக்கு ஒளியைப் பற்றியது. ஒளி சிறு துகள்களால் ஆனது என்ற நியூட்டனின் கொள்கைப்படி, அது நீரில் காற்றைவிட விரைவாகச் செல்ல வேண்டும். ஒளி அலையே என்பாரின் கணக்குப்படி, நீரில் மெதுவாகச் செல்ல வேண்டும். அதிவேகமாகச் சுழலும் கண்ணாடி ஒன்றைக் கொண்டு இதனைத் தீர்க்கலாம் என்று அராகோ 1838இலேயே வழி சொல்லியிருந்தார். ஆனால் அவருக்கோ கண்பார்வை மங்கிவந்தது. இளைஞர்கள் முயலட்டும் என்று விட்டுவிட்டார். ஃபிசோ ஒரு பக்கமும் ஃபூக்கோ ஒரு பக்கமுமாக முயன்றனர். 1850 ஏப்ரல் மாதத்தில் ஃபூக்கோ முந்திக்கொண்டார். நீரில் ஒளி மெதுவாகவே செல்கிறது என்று அவர் கருவி காட்டியது. அந்த ஆய்வையே பின்னர் நூலாக எழுதி 1853இல் டாக்டர் பட்டம் பெற்றார். பட்டத்துக்காக ஆய்வு செய்தவர் அல்லர். ஆய்வு முடிந்த பிறகே பட்டம் அவரைத் தேடி வந்தது.

இனி அவர் பெயரை உலகெங்கும் பரப்பிய ஊசலுக்கு வருவோம்.

பூமி தன்னைத் தானே சுற்றுகிறது என்பது மிகப் பழைய கருத்து. நம் நாட்டு ஆரியபட்டர் 499ஆம் ஆண்டிலேயே அதைச் சொன்னார். 1543இல் கோப்பர்னிக்கஸின் நூல் வெளிவந்தது. ஃபூக்கோவின் காலத்தில் பூமியின் சுழற்சியை மறுத்த வானநூலார் எவரும் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் யாவும் வானத்தில் இருந்தன. விண்மீன்களைப் பார்க்காமல், நான்கு சுவர்களுக்குள் நின்றுகொண்டே பூமியின் சுழற்சியைக் கண்ணால் காண வழி உண்டா? உயரத்திலிருந்து குண்டுகளை விழச் செய்து அளந்து பார்த்தார்கள். கிடைத்த விலகல் மிகச் சிறியது, ஐயத்துக்கு இடமளிப்பது.

ஃபூக்கோவுக்கு இதன் வழி கடைசல் பட்டறையில் கிடைத்தது. கடைசல் இயந்திரத்தின் பிடியில் மெல்லிய நீண்ட எஃகுக் கம்பி ஒன்றைப் பொருத்தி, அதன் நுனியைச் சுண்டிவிட்டார். கம்பி ஒரே தளத்தில் அதிர்ந்தது. பிடியை மெல்லத் திருப்பினார். கம்பியும் பிடியுடன் திரும்பியது. ஆனால் அதிர்வின் தளம் திரும்பவில்லை! முன்பு எந்தத் திசையில் அதிர்ந்ததோ அதே திசையிலேயே அதிர்ந்துகொண்டிருந்தது. இதனை நம்மில் எத்தனையோ பேர் பார்த்திருப்போம். பார்த்தும் கடந்து போயிருப்போம். ஃபூக்கோ கடந்து போகவில்லை. பிடியின் இடத்தில் பூமியை வைத்துப் பார்த்தார். ஓர் ஊசலை ஆடவிட்டால், கீழே தரை திரும்பினாலும் ஊசல் தன் திசையை விடாதன்றோ? அப்படியாயின், தரையில் நிற்கும் நமக்கு ஊசலே மெல்ல மெல்லத் திரும்புவது போலத் தோன்ற வேண்டும்.

அன்னையுடன் வாழ்ந்த வீட்டின் நிலவறையில் சோதனை தொடங்கியது. 2 மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பி. அதன் முனையில் 5 கிலோ எடையுள்ள பித்தளைக் குண்டு. 1851 ஜனவரி 3ஆம் நாள் முதன்முறை முயன்றபோது கம்பி அறுந்தது. ஐந்து நாட்கள் பழுது பார்ப்பதில் கழிந்தன. ஜனவரி 8ஆம் நாள் அதிகாலை 2 மணிக்கு, நகரம் உறங்கும் வேளையில், ஊசல் திரும்புவதை அவர் கண்டார். மனித குலம் குடியிருக்கும் இந்தப் பெருங்கோளம் காலடியில் சுழல்வதை ஒரு நிலவறையில் தனியே நின்று பார்த்த அந்த மனிதரின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

அவர் கையாண்ட ஒரு நுட்பத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஏனெனில் அதை அறியாததால் நாங்கள் பட்ட பாடு பெரிது. சென்ற ஆண்டு விடுதி நண்பர்கள் மூவர் சேர்ந்து, மூன்று மாடிக்கும் நடுவே திறந்து கிடக்கும் படிக்கட்டு இடைவெளியில் ஊசல் கட்டினோம். மளிகைக் கடையில் இரவல் வாங்கிய 5 கிலோ எடைக்கல்லே எங்கள் குண்டு. தரையில் சுண்ணக் கட்டியால் கோடு கிழித்துவிட்டுக் கையால் தள்ளிவிட்டோம். கல் சிறிது நேரம் நேராக ஆடியது. பிறகு முட்டை வடிவமாகச் சுற்றத் தொடங்கியது. அரை மணியில் திரும்பியும் காட்டியது. ஆனால் திரும்பியது எதிர்த் திசையில்! வடபாதி உலகில் ஊசல், கோயிலை வலம் வருவதைப் போல வலமாகத் திரும்ப வேண்டும். எங்கள் கணக்கில் பூமி அன்று கிழக்கிலிருந்து மேற்காகச் சுழன்றது. விடுதி முழுதும் எங்களை ஒரு வாரம் நகைத்தது.

ஃபூக்கோ குண்டைக் கையால் தள்ளவில்லை. அதை ஒரு பக்கமாக இழுத்து நூலால் கட்டி, அசைவெல்லாம் அடங்கும்வரை காத்திருந்து, பின்னர் அந்நூலைத் தீயால் எரித்தார். நூல் அறுந்ததும் குண்டு பக்கவாட்டில் ஒரு சிறு தள்ளலும் பெறாமல் தானே புறப்பட்டது. இரண்டாம் முறை நாங்களும் அவ்வாறே செய்தோம். ஊசல் இம்முறை சரியான திசையில் திரும்பியது; ஆனால் கணக்கு சொன்னதைவிட மிகுதியாகத் திரும்பிவிட்டது. அதில் பூமியின் பங்கு எவ்வளவு, எங்கள் பிழையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எங்களால் இயலவில்லை. பூமியைக் கண்டேன் என்று அன்று என்னால் சொல்ல முடியவில்லை. ஃபூக்கோ எத்தகைய மனிதர் என்பதை மட்டும் தெளிவாகக் கண்டேன்.

நிலவறையில் பெற்ற வெற்றிக்குப் பின் அராகோ அவருக்குப் பாரிஸ் வானாய்வகத்தின் பெருங்கூடத்தைத் திறந்துவிட்டார். அங்கே கம்பியின் நீளம் 11 மீட்டர். பூமி சுழல்வதைப் பார்க்க வாருங்கள் என்று விஞ்ஞானப் பெரியோருக்கு அழைப்புச் சென்றது. 1851 பிப்ரவரி 3ஆம் நாள் அவர்கள் கண்டனர். அடுத்து, பிரெஞ்சுக் குடியரசின் தலைவராயிருந்த லூயி நெப்போலியனின் ஆதரவுடன் பாந்தியோன் என்ற மாளிகையின் கவிமாடத்திலிருந்து 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டு தொங்கவிடப்பட்டது. அதைச் செய்து கொடுத்தவர் ஃப்ரோமன் என்ற தேர்ந்த கருவிக் கைவினைஞர். குண்டின் அடியில் ஒரு கூர்முனை. ஒரு முறை போய்வர ஏறத்தாழ 16 விநாடி. தரையில் பரப்பிய மணல் கரையைக் கூர்முனை ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி வெட்டியது. கணிதம் அறியாத மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்று பார்த்தனர். அவர்கள் பார்த்தது மணல் சரிவதை. உணர்ந்தது உலகம் சுழல்வதை.

ஊசல் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? ஊருக்கு ஊர் அது மாறும். துருவத்தில் நிற்பவனுக்குத் தரை, திருகைக்கல் அச்சைச் சுற்றுவது போலக் காலடியில் சுற்றுகிறது. அங்கே ஒரு நாள் போதும். நிலநடுக் கோட்டில் நிற்பவனோ, உருளும் வண்டிச் சக்கரத்தின் விளிம்பில் ஒட்டிய ஈயைப் போன்றவன். அவனைத் தரை சுமந்து செல்கிறதே தவிர, காலடியில் திருகுவதில்லை. அங்கே ஊசல் திரும்பவே திரும்பாது. இடைப்பட்ட ஊர்களில், அந்த ஊரின் அட்சரேகைக் கோணத்தின் சைன் மதிப்பால் ஒரு நாளை வகுக்க வேண்டும். பாரிஸில் ஏறத்தாழ 32 மணி. இங்கே தில்லியில் ஏறத்தாழ 50 மணி; 2023இல் திறக்கப்பெற்ற புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் தொங்கும் ஊசல் இக்கணக்கின்படியே திரும்புகிறது. நம் சென்னையில் 106 மணி ஆகும். கன்னியாகுமரியிலோ 170 மணி. அதாவது ஏழு நாளுக்கும் மேல்! ஊரை விட்டு எவ்வளவு தொலைவு வந்துவிட்டோம் என்பதை ரயில் டிக்கெட்டு மட்டுமன்று, ஓர் ஊசலும் சொல்லும் என்று இதைக் கணக்கிட்ட இரவில் நினைத்துக்கொண்டேன்.

கணித மேதைகளுக்கு இது சிறிது கசந்தது. இயக்கவியலில் பெரும்புலவரான புவாசோன், பூமியின் சுழற்சி ஊசலில் ஏற்படுத்தும் விளைவு புலப்படாத அளவு சிறியது என்று முன்பே ஒதுக்கியிருந்தார். ஒரே ஆட்டத்தில் அது சிறியதுதான். ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் அது சேர்ந்துகொண்டே போகும் என்பதை அவர் எண்ணவில்லை. முறையான கணிதக் கல்வி இல்லாத ஒரு பத்திரிகை எழுத்தாளர் நிலவறையில் கண்டதை விளக்க, அதன் பிறகு பல கணிதப் புலவர் விரைந்து முன்வந்தனர். சைன் விதியை ஃபூக்கோ சரியாகவே சொல்லியிருந்தார். அதைக் கணிதமாக நிறுவும் பணிதான் அவர்களுக்கு எஞ்சியிருந்தது. ஆனால் பாந்தியோனின் ஊசல் நீண்ட காலம் ஆடவில்லை. 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டதும், அம்மாளிகை மீண்டும் தேவாலயமாயிற்று, ஊசல் இறக்கப்பட்டது.

ஃபூக்கோ ஓய்ந்துவிடவில்லை. சைன் கணக்கின் சிக்கலே இல்லாமல் பூமியின் சுழற்சியைக் காட்டும் கருவி ஒன்றை 1852இல் செய்தார். கனமான வெண்கலச் சக்கரம் ஒன்றை எத்திசையிலும் தடையின்றித் திரும்பும் வளையங்களுக்குள் பொருத்தி, மிக விரைவாகச் சுழலவிட்டார். பம்பரம் சுழலும்வரை சாயாமல் நிற்பதை நாம் அறிவோம். சுழலும் சக்கரத்தின் அச்சும் அவ்வாறே வானத்தில் ஒரே திசையை நோக்கி நிற்கும். பூமி திரும்பினாலும் அது திரும்பாது. சக்கரம் சில நிமிடங்களே ஓடும். அச்சிறு பொழுதுக்குள் நிகழும் விலகலை நுண்பெருக்கி வைத்துப் பார்த்தார். மருத்துவ மாணவனாகக் கற்ற நுண்பெருக்கி அங்கும் கைகொடுத்தது. சுழற்சியைக் காண்பது என்று பொருள்பட, கிரேக்கச் சொற்களைக் கூட்டி ஜைரோஸ்கோப் என்று அக்கருவிக்குப் பெயரிட்டார். அச்சின் அசைவைச் சற்றுக் கட்டுப்படுத்தினால் அது தானே வடக்கை நோக்கும் என்பதையும் அவர் கண்டு சொன்னார். காந்தம் வேண்டாத திசைகாட்டியாக அது கப்பல்களில் ஏற மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

1855இல் பாரிஸ் வானாய்வகத்தில் அவருக்குப் பௌதிக அறிஞர் என்ற பதவி கிடைத்தது. அவ்வாண்டே இலண்டன் ராயல் கழகம் தன் உயர்ந்த பரிசான காப்ளி பதக்கத்தை வழங்கியது. காந்த முனைகளுக்கு நடுவே செப்புத் தட்டைச் சுழற்றினால் அதில் மின்னோட்டம் எழுந்து தட்டு சூடாவதையும் அவ்வாண்டில்தான் காட்டினார். பலர் இதனை இன்றும் ஃபூக்கோ மின்னோட்டம் என்பர். நம் விடுதியில் நள்ளிரவில் காப்பிக்குப் பால் காய்ச்சும் இண்டக்‌ஷன் அடுப்பு இயங்குவது அதே விளைவால்தான்.

வானாய்வகத்தில் அவர் கண்ணில் பட்டவை தொலைநோக்கிகளின் குறைகள். அக்காலத்துப் பெரிய எதிரொளிப்புத் தொலைநோக்கிகளின் ஆடிகள் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் ஆனவை. கனம் மிகுதி; விரைவில் மங்கிவிடும்; மங்கினால் மீண்டும் மெருகிட வேண்டும்; மெருகிட்டால் வடிவமே கெடும். ஃபூக்கோ 1857இல் கண்ணாடியைக் குழிவாகத் தேய்த்து, அதன் மேல் மிக மெல்லிய வெள்ளிப் படலம் படியச் செய்தார். வெள்ளி மங்கினால் கழுவிவிட்டு மறுபடி பூசலாம். கண்ணாடியின் வடிவம் அப்படியே இருக்கும்.

வடிவம் சரியாக இருக்கிறதா என்று எப்படி அறிவது? அதற்கு அவர் கண்ட வழி வியக்கத்தக்கது. ஒரு சிறு துளை வழியே வரும் ஒளியை ஆடியின் மேல் விழச் செய்து, அது திரும்பி வந்து குவியும் புள்ளியில் ஒரு கத்தியின் விளிம்பை மெல்ல நுழைக்க வேண்டும். ஆடி குற்றமற்றதாயின் அதன் முகம் முழுதும் ஒரே சீராக இருளும். எங்கேனும் மேடோ பள்ளமோ இருந்தால், மாலை வெயிலில் மணல் மேடுகள் நிழலுடன் தெரிவதைப் போல அவை எடுப்பாகத் தெரியும். கையால் தடவி உணர முடியாத, மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு அளவான பிழையும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த மேட்டை மட்டும் கையால் தேய்த்துத் திருத்தலாம். இவ்வாறு செய்த ஆடிகளுள் பெரியது 80 செ.மீ. குறுக்களவு கொண்டது, 1864இல் மார்செய் நகர வானாய்வகத்துக்குச் சென்றது. இன்றைய பெருந்தொலைநோக்கிகள் எல்லாம் உலோகப் படலம் பூசிய ஆடிகளையே கொண்டவை. திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில் உள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கியும் அக்குலத்தில் பிறந்ததே. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தொலைநோக்கி ஆடி தேய்க்கும் ஆர்வலர் இன்றும் நம்புவது அந்தக் கத்தி விளிம்பைத்தான்.

1862இல் அவர் தம் பழைய சுழலும் ஆடியை மறுபடி எடுத்தார். சூரியனின் தொலைவைத் திருத்தமாக அறிய, ஒளியின் வேகத்தைத் திருத்தமாக அறிய வேண்டியிருந்தது. நொடிக்கு 400 முறை சுழலும் சிறு ஆடி. ஓர் அறைக்குள்ளேயே ஒளியை முன்னும் பின்னும் திருப்பி 20 மீட்டர் செலுத்தும் ஐந்து குழியாடிகள். ஒளி போய் மீளும் அந்த இமைப்பொழுதினும் சிறிய நேரத்தில் சுழலும் ஆடி மிகச் சிறிது திரும்பிவிடும். அதனால் ஒளிப்புள்ளி 0.7 மில்லிமீட்டர் இடம் பெயர்ந்தது. அந்த 0.7 மில்லிமீட்டரைக் கொண்டு, ஒளியின் வேகம் நொடிக்கு 298,000 கிலோமீட்டர் என்றார். இன்று நாம் அறிந்தது 299,792. பிழை நூற்றில் ஒரு பங்குகூட இல்லை!

இத்தனைக்கும் பிறகே, 1865இல், பாரிஸ் விஞ்ஞானக் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. ஃபிசோவுக்கு அந்தப் பெருமை 1860இலேயே கிடைத்திருந்தது. ஊசலைக் கண்ட பதினான்காம் ஆண்டில், தாம் ஒரு காலத்தில் செய்தியாளராக அமர்ந்து குறிப்பெடுத்த அதே அவையில் ஃபூக்கோ உறுப்பினராக அமர்ந்தார். அந்த இருக்கையில் அவர் இருந்தது மூன்று ஆண்டுகளே. 1867இல் கை மரத்துப் போனது. பின்னர்ப் பேச்சு தடுமாறியது, பார்வையும் குன்றியது. நிலவறையில் நூலை எரித்த கை, கத்தி விளிம்பில் நிழலைப் பார்த்த கண், எளியோருக்கு விஞ்ஞானம் சொன்ன நா என ஒவ்வொன்றாக அவரிடமிருந்து விடைபெற்றன. 1868 பிப்ரவரி 11ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 48.

ஃபூக்கோவின் உழைப்பு அவருடன் மறையவில்லை. ஐஃபில் கோபுரத்தில் பொறிக்கப்பெற்ற 72 பெயர்களுள் அவர் பெயரும் உண்டு. அதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் படமும் உடன் திரும்புகிறது. விளையாட்டில் கையைச் சாய்த்தால் திரையில் வண்டி வளைகிறது. இவற்றுக்குத் துணைபுரியும் உறுப்புகளுள் ஒன்று ஃபூக்கோ வைத்த பெயரையே தாங்கிய ஜைரோஸ்கோப். ஆனால் அதற்குள் சுழலும் சக்கரம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சிறு சிலிக்கான் துண்டு ஒன்று இடைவிடாது அதிர்ந்துகொண்டிருக்கிறது. கைப்பேசி திரும்பும்போது அந்த அதிர்வு பழைய தளத்தை விட மறுத்துப் பக்கவாட்டில் விலக முயல்கிறது. அவ்விலகலை மின்சாரத்தால் அளந்து திருப்பத்தை அறிகிறார்கள். கடைசல் பட்டறையில் அன்று அதிர்ந்த எஃகுக் கம்பியும், நிலவறையில் ஆடிய குண்டும் இதே உண்மையைத்தான் கூறின.

நண்பர்களே! ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஃபூக்கோ மருத்துவத்தை விட்டதால் பெரியவரானார் என்று எவரும் கொள்ள வேண்டா. விட்ட பிறகு வேறொன்றை விடாமல் பற்றினார். அதுவே அவர் பெருமை. கம்பி அறுந்தபின் ஐந்து நாட்கள் பொறுத்து மீண்டும் கட்டினாரே, அந்த ஐந்து நாட்களை நான் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன். விலகி வந்தவனுக்கு விலகியதே ஒரு சாதனை ஆகிவிடாது. அவன் தன் ஊசலை இனிமேல்தான் கட்ட வேண்டும்.

மகனை அறுவை மருத்துவனாகக் காண விரும்பிய அந்த அன்னை அவருக்குப் பின்னும் வாழ்ந்தார். மகன் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பின், 1878இல், அவருடைய விஞ்ஞானக் கட்டுரைகள் அனைத்தையும் திரட்டிப் பெருநூலாக வெளியிட்டவர் அவரே. நூல் வெளியீட்டாளரின் மனைவியாக வாழ்ந்தவர், மகனின் வாழ்வை ஒரு நூலாக்கி உலகுக்கு அளித்தார். தாம் விரும்பிய மகன் கிடைக்கவில்லை என்ற வருத்தம் அந்த அன்னைக்கு எப்போது நீங்கியது என்று நான் அறியேன். நீங்கியது என்பதற்கு அந்த நூலே சாட்சி.

இம்மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை ஊருக்கு அனுப்ப எண்ணியிருக்கிறேன். இம்முறை அம்மாவின் பெயருக்கு அன்று, அப்பாவின் பெயருக்கு.